சீட்டு வாங்கியவர் ஒருவர், பணம் கொடுத்தவர் ஒருவர்: பரிசு யாருக்கு?

புதன், சனி, ஞாயிறு வந்துவிட்டால் போதும். பக்கத்து டவுனுக்கு யார் போகிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். "தம்பி, பசாருக்குத்தானே போறே? இந்தா ரெண்டு வெள்ளி. இந்த நம்பரை எடுத்துக்கிட்டு வந்துடு" என்று ஒருவர் கொடுப்பார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கொடுப்பார்கள். இப்போதெல்லாம் காசை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். அந்தத் தம்பியும் எல்லார் காசையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிடுகிறார்.

நம்பர் அடிக்காத வரையில் இதில் ஒரு வம்பும் இல்லை. சீட்டு கிழிந்து குப்பைக்குப் போகும். ரெண்டு வெள்ளி போனதோடு சரி. ஆனால், வாசகர்களே, அடித்துவிட்டால்? சீட்டு அந்தத் தம்பியின் சட்டைப் பையில் இருக்கிறது. பணம் உங்களுடையது. "அது நான் எனக்காக எடுத்த நம்பர், உங்களுக்கு எடுக்க மறந்துவிட்டேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்வி நம் லயத்து வாசலோடு நிற்கிற கேள்வி அல்ல. அமெரிக்காவில் இது கோடிக்கணக்கான டாலர் வழக்காகி, ஒரு மாநிலத்தின் லாட்டரி ஆணையத்தையே இல்லாமல் செய்துவிட்டது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். லாட்டரி எடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. எடுக்கவே கூடாது என்று சொன்னாலும் கேட்பவர்கள் குறைவு. எடுக்கிறவர்கள் வீட்டில் இருக்கும் தாய்மார்களாவது இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

டவுனுக்குப் போகிற தம்பி, கம்பெனியாக மாறினால்

கூரியர் என்றால் நமக்குத் தெரிந்தது பார்சல் கொண்டு வருகிறவர்தான். அமெரிக்காவில் லாட்டரிக் கூரியர் என்றே ஒரு தொழில் வளர்ந்துவிட்டது. வேலை என்னவோ நம் தோட்டத்துத் தம்பி செய்கிற வேலைதான். நீங்கள் கைத்தொலைபேசியில் நம்பரைத் தட்டி, பணத்தையும் அதிலேயே கட்டிவிடுகிறீர்கள். கம்பெனியின் ஆள் லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் உண்மையான காகிதச் சீட்டை உங்கள் பேரில் வாங்குகிறார். அதன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்புகிறார். சீட்டு மட்டும் கம்பெனியின் இரும்புப் பெட்டியில் இருக்கும். சின்னப் பரிசு விழுந்தால் பணம் உங்கள் கணக்கில் சேரும். பெரிய பரிசு விழுந்தால் சீட்டையே உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் நேரில் போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இதற்குக் கம்பெனி ஒரு சேவைக் கட்டணம் வாங்கிக்கொள்ளும்.

கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. நியூ யார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் இந்தக் கம்பெனிகளுக்கு விதிமுறை வகுத்து, கண்காணிப்புக்குள் கொண்டுவந்தன. ஆனால் டெக்சஸ் மாநிலத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. கூரியர் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அங்குள்ள லாட்டரி ஆணையம் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தது. செய்யலாம் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. வினை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

2025 பிப்ரவரி 17ஆம் தேதி, டெக்சஸ் லோட்டோ குலுக்கலில் 8 கோடியே 35 இலட்சம் டாலர் பரிசு விழுந்தது. சீட்டு விற்ற கடை ஆஸ்டின் நகரில் உள்ளது. கூரியர் கம்பெனியோடு தொடர்புள்ள கடை. வென்றவர் ஒரு பெண். ஜேக்பாக்கெட் என்ற கூரியர் கம்பெனி மூலமாகக் கைத்தொலைபேசியில் சீட்டுக்குச் சொல்லி, தன் பணத்தைக் கட்டியவர். ஏமாற்று இல்லை, திருட்டு இல்லை. கம்பெனியும் நாணயமாக நடந்துகொண்டது; "சீட்டு எங்களுடையது" என்று சொல்லவில்லை.

அப்படியானால் பணத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே? கொடுக்கவில்லை!

பரிசு விழுந்த சில நாள்களிலேயே மாநிலத்தின் துணை ஆளுநர் நேராக அந்தக் கடைக்குப் போய், அங்கே என்ன நடக்கிறது என்று படமெடுத்து ஊருக்குக் காட்டினார். பிப்ரவரி 24ஆம் தேதி, கூரியர் மூலம் சீட்டு விற்பதை டெக்சஸ் சட்டம் அனுமதிக்கவில்லை என்று லாட்டரி ஆணையம் அறிவித்தது. நேற்று வரை 'எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்றவர்கள்தான்! அதே நாளில் மாநில ஆளுநர், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் என்ற மாநிலப் போலீஸ் பிரிவை விசாரிக்கும்படி உத்தரவிட்டார்.

அந்தப் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள். சீட்டு இருக்கிறது, நம்பர் பொருந்துகிறது, பணம் கட்டிய ரசீது இருக்கிறது. சீட்டு எந்த வழியாக வந்தது என்பதுதான் தகராறு. வழி சரியா தப்பா என்று அரசாங்கம் முடிவு செய்தது, சீட்டு அடித்து ஒரு வாரம் கழித்து. 2025 மே மாதம் அவர் நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய வாதத்தின் சாரம் இவ்வளவுதான்: நான் சீட்டு எடுத்த நாளில் இது தடை செய்யப்படவில்லை, பிறகு போட்ட தடையை முன்னாலேயே நடந்த காரியத்தின் மேல் திருப்பக் கூடாது. என்னைக் கேட்டால், இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஆட்டம் முடிந்த பிறகு கோல் கம்பத்தை நகர்த்தலாமா? கடைசியில் 2025லேயே வழக்கு சமரசத்துக்கு வந்து, அவருக்குப் பணம் கிடைத்தது. ஆனால் எத்தனை மாதம்! வழக்கறிஞர் செலவு எவ்வளவு! நாலு வெள்ளிக்கு நம்பர் எடுக்கிற நம்மால் அப்படி நின்று போராட முடியுமா?

அரசாங்கம் ஏன் அப்படிப் பயந்தது?

காரணம் அந்தப் பெண் அல்ல. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு காரியம். அது நம்பவே முடியாத கதை, ஆனால் நடந்தது.

டெக்சஸ் லோட்டோவில் 54 எண்களிலிருந்து ஆறு எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் 2 கோடியே 58 இலட்சத்து 27 ஆயிரத்து 165 விதம் வரும். ஒரு சீட்டு ஒரு டாலர். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், பல மாதமாக யாருக்கும் அடிக்காமல் சேர்ந்து சேர்ந்து முதல் பரிசு 9 கோடியே 50 இலட்சம் டாலராகி நின்றது. அப்போது ஒரு பணக்காரக் கூட்டம் உட்கார்ந்து கணக்குப் போட்டது. இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் கொட்டி எல்லா நம்பரையும் வாங்கிவிட்டால் பரிசு தப்புமா?

தப்பவில்லை. கூரியர் கம்பெனிகளோடு தொடர்புள்ள நான்கு இடங்களில் லாட்டரி இயந்திரங்களை வரிசையாக வைத்து, இரவு பகலாகச் சீட்டு அடித்தார்கள். மூன்று நாளுக்குள் ஏறக்குறைய எல்லா நம்பரும் அவர்கள் கையில். ஏப்ரல் 22ஆம் தேதி குலுக்கலில் முதல் பரிசு அவர்களுக்கே விழுந்தது. விளம்பரத்தில் சொல்லும் தொகையைப் பல வருஷமாகப் பகுதி பகுதியாகத்தான் கொடுப்பார்கள். மொத்தமாகக் கேட்டால் குறைத்துத் தருவார்கள். அவர்கள் மொத்தமாக வாங்கிய தொகை 5 கோடியே 78 இலட்சம் டாலர். செலவைக் கழித்தாலும் கொள்ளை இலாபம்.

வாராவாரம் ஒரு டாலர் வைத்து ஆடிக்கொண்டிருந்த ஏழை எளியவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுடைய ஒரு டாலர்கள் சேர்ந்து உண்டான பெரிய தொகை ஒரே நாளில் ஒரே கூட்டத்தின் கைக்குப் போயிற்று. அடுத்த மாதமே, 2023 மே மாதம், முதல் பரிசை வென்ற ஒரு மனிதருக்கு 75 இலட்சம் டாலர்தான் கிடைத்தது. பரிசு மறுபடியும் கீழேயிருந்து ஏற ஆரம்பித்திருந்ததே காரணம். "அந்தக் கூட்டம் குறுக்குவழியில் அள்ளிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் அந்தப் பழைய தொகையும் எனக்கு வந்திருக்கும்" என்பது அவர் கட்சி. 2025இல் அவரும் வழக்குப் போட்டார்.

இப்போது புரிகிறதா? கூரியர் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் வீட்டில் உட்கார்ந்து சீட்டு எடுத்த பெண்ணும் வந்தார், இரண்டரைக் கோடியைக் கொட்டிய கூட்டமும் வந்தது. கூட்டம் பணத்தை வாங்கிக்கொண்டு போய் இரண்டு வருஷமான பிறகு, அந்தக் கோபம் பெண்ணின் தலையில் வந்து விழுந்தது. 2025 ஏப்ரலில் லாட்டரி ஆணையத்தின் தலைமை அதிகாரி பதவி விலகினார்; அதே மாதம் கூரியர் தொழிலுக்கு ஆணையம் தடை போட்டது. பிறகு வந்த புதிய சட்டத்தின்படி, 2025 செப்டம்பர் 1ஆம் தேதியோடு அந்த ஆணையமே கலைக்கப்பட்டு, லாட்டரி வேலை மாநில லைசென்ஸ் இலாகாவின் கைக்குப் போய்விட்டது.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 2015ஆம் ஆண்டு ஈராக்கின் பாக்தாத் நகரில் இருந்த ஒருவர், இதே போன்ற ஒரு கம்பெனி மூலமாக அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு சீட்டு எடுக்கச் சொன்னார். அதற்கு 64 இலட்சம் டாலர் விழுந்தது. கடல் கடந்து ஆகாய விமானத்தில் போய் நின்றார். வேறு நாட்டுக்காரர் வாங்கலாமா, ஆள் வைத்து வாங்கலாமா என்று ஓரிகன் லாட்டரிக்காரர்கள் சட்டத்தைப் பார்த்தார்கள். தடுக்கிற விதி எதுவும் இல்லை என்று கண்டதும் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். பாதுகாப்புக் கருதி அவர் பெயரைக்கூட வெளியிடவில்லை. ஒரே தொழில்தான், ஓரிகனில் சிரித்த முகத்தோடு கொடுத்தார்கள், டெக்சஸில் நீதிமன்றப் படி ஏற்றினார்கள்.

கம்பெனியே இல்லாமல் வந்த தகராறு

கம்பெனி என்றால் கணக்கு, படம், ரசீது எல்லாம் இருக்கும். நம்மைப் போல வாய்ப் பேச்சிலேயே நடத்துகிறவர்கள் கதை வேறு.

அலபாமா மாநிலத்தில் லாட்டரி கிடையாது. பக்கத்து மாநிலமான ஃபுளோரிடாவுக்குப் போய் வருகிறவர்கள்தான் சீட்டு வாங்கி வருவார்கள். 1999ஆம் ஆண்டு, ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வழக்கமாக வருகிற ஒருவர், அங்கே வேலை செய்த பெண்களுக்கு ஆளுக்கொரு ஃபுளோரிடாச் சீட்டை அன்பளிப்பாகக் கொடுத்தார். அதில் ஒரு பெண்ணின் சீட்டுக்கு ஒரு கோடி டாலர் விழுந்தது! கூட வேலை செய்த நான்கு பேர், "யாருக்கு விழுந்தாலும் பங்கு போட்டுக்கொள்வது என்று பேசி வைத்திருந்தோம்" என்று வழக்குப் போட்டார்கள். ஜூரிகள் அவர்கள் பேச்சை நம்பினார்கள். ஆனால் 2000ஆம் ஆண்டு அலபாமா உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றிவிட்டது. அப்படி ஒரு பேச்சு இருந்ததென்றே வைத்துக்கொண்டாலும், அது சூதாட்டத்தின் மேல் எழுந்த ஒப்பந்தம். எங்கள் மாநிலச் சட்டப்படி செல்லாது என்பதுதான் முடிவு. சீட்டு கொடுத்த மனிதரும் சும்மா இருக்கவில்லை. அடித்தால் தனக்கு ஒரு புது லாரி வாங்கித் தருவதாகச் சொன்னார்கள் என்று அவரும் நீதிமன்றம் போய், வெறுங்கையோடு திரும்பினார்.

நியூ ஜெர்சியில் நடந்தது இதற்கு நேர் எதிர். கட்டட வேலை செய்யும் சில தொழிலாளர்கள் கூட்டாகக் காசு போட்டு, தங்களில் ஒருவரிடம் கொடுத்துச் சீட்டு எடுத்து வந்தார்கள். 2009 நவம்பரில் 3 கோடியே 85 இலட்சம் டாலர் விழுந்தது. சீட்டு எடுத்து வந்தவர் வாயைத் திறக்கவில்லை! காலில் அறுவை சிகிச்சை என்று சொல்லி வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பிறகு விஷயம் வெளிப்பட்டபோது, "அது என் சொந்தக் காசில் எடுத்த சீட்டு" என்றார். 2012 மார்ச்சில் ஜூரிகள் அவரை நம்பவில்லை. கூட்டாளிகள் ஐந்து பேருக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றாக வேலை செய்து, ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் எதிரெதிர் பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று.

இவற்றை நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அலபாமாக்காரர்கள் போல எல்லை தாண்டி வாங்குகிற நிலைமை நம் நாட்டிலும் உண்டு. கிளந்தானில் நம்பர் கடைகள் எப்போதோ போய்விட்டன. 2023 தொடக்கத்தில் கெடா மாநில அரசும் லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. கடை இல்லாத ஊரில் என்ன நடக்கும்? பக்கத்து மாநிலத்துக்குப் போய் வருகிறவர் கையில் காசு போகும்.

அலபாமா நீதிபதிகள் சொன்ன வாசகமும் நமக்குப் புதிதல்ல. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, பந்தயம் கட்டிச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருவருக்காக வேலை செய்ய ஒப்புக்கொண்டவர், அந்த வேலையில் தன் கைக்கு வந்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும், பணத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்கள் வழக்கு இந்தப் பக்கம் சாயுமா அந்தப் பக்கம் சாயுமா என்பது, பணம் யாருடையது, என்ன பேசிக்கொண்டீர்கள், அதற்கு என்ன அத்தாட்சி என்பதைப் பொறுத்தது. அத்தாட்சி இல்லாமல் வழக்கறிஞரிடம் போனால் அவரும்தான் என்ன செய்வார்?

லைசென்ஸ் இல்லாமல் நோட்டுப் புத்தகத்தில் நம்பர் எழுதிக்கொள்கிறவரிடம் கட்டினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டப்படி அது குற்றம். அடித்த நம்பருக்கு அவர் பணம் தராமல் ஓடிவிட்டால், போலீசுக்குப் போய் என்னவென்று புகார் கொடுப்பீர்கள்? "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, பணத்தை அனுப்ப முதலில் ஐந்நூறு வெள்ளி கட்டுங்கள்" என்று தொலைபேசியில் வருகிற குரலும் அதே ரகம்தான். எடுக்காத சீட்டுக்குப் பரிசு விழாது, அம்மா!

நம் டவுன் கடைகளில் சீட்டைக் கொண்டு போய் நீட்டுகிறவர் கைக்குத்தான் பணம் வரும். இது யார் காசு என்று கடைக்காரர் விசாரிக்க மாட்டார். அதனால் சீட்டு எடுக்கிற தம்பி, கடை வாசலிலேயே அதைப் படமெடுத்து, குலுக்கலுக்கு முன்னால் உங்களுக்கு அனுப்பட்டும். முடிவு வந்த பிறகு அனுப்பிய படம் எதற்கும் உதவாது. அவர் தனக்கு எடுக்கிற நம்பரும் உங்களுக்கு எடுக்கிற நம்பரும் வெவ்வேறு சீட்டில் இருக்கட்டும். ஒரே சீட்டில் ஐந்து பேர் நம்பரை அடித்துவிட்டு வந்தால் பிறகு யார் கையில் வைத்துக்கொள்வது? கூட்டாக எடுப்பதாக இருந்தால், யார் யார் எவ்வளவு போட்டார்கள், அடித்தால் எப்படிப் பிரிப்பது என்று பிள்ளைகளின் பள்ளி நோட்டுத் தாளில் நாலு வரி எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ஒருவர் அந்த வாரம் காசு தராவிட்டால் அவர் கூட்டில் உண்டா இல்லையா என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். பெரும்பாலான சண்டை அங்கேதான் கிளம்புகிறது.

"நம்ம பையன்தானே, அவன்கிட்ட போய் எழுதிக் கேக்கிறதா?" என்று உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். அந்தக் கூச்சத்தை அவர் பக்கமிருந்தும் பாருங்கள். நாளைக்கு உங்கள் நம்பர் அடிக்காமல் அவருடைய சொந்த நம்பர் அடித்தால், அவர்மேல் வீண்பழி விழாமல் காப்பாற்றுவதும் அதே தாள்தான்.

கையில் சீட்டு இருந்தாலும் அதைப் பிறரிடம் கொடுத்து "அடிச்சிருக்கான்னு பாருங்க" என்று கேட்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. டெக்சஸில் 2009இல் ஒருவர் அப்படித்தான் ஒரு கடை ஊழியரிடம் நீட்டினார். பார்த்தவர், இரண்டு டாலர்தான் என்று கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, பத்து இலட்சம் டாலர் விழுந்த அந்தச் சீட்டைத் தானே கொண்டுபோய்ப் பணமாக்கிக்கொண்டு நாட்டை விட்டுப் போய்விட்டார். ஒரு முறை கொடுத்த பரிசை லாட்டரிக்காரர்கள் மறுபடியும் கொடுக்கவில்லை. வங்கிக் கணக்கில் அகப்பட்ட ஒரு பகுதி மட்டும் உரியவருக்குத் திரும்பிற்று. நம்பர் முடிவு மறுநாள் பத்திரிகையிலும் வருகிறது, கைத்தொலைபேசியிலும் வருகிறது. எழுத்துச் சின்னதாக இருந்தால் வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுப் பாருங்கள். பணத்தை வாங்க ஆறு மாதம் தவணை உண்டு. ஆகவே அன்றைக்கே பதறிக்கொண்டு முன்பின் தெரியாதவர் கையில் சீட்டைக் கொடுக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.